இங்கே வா: ஏவலும் பதிலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கொழும்பிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் வெளியானது. தோட்டத்துக்குப் புதிதாக வந்து சேரும் வெள்ளைக்காரச் சின்னத்துரைகள் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கான தமிழ்க் கையேடு அது. எழுதியவர் ஃபெர்குசன். புத்தகத்தின் தலைப்பு 'இங்கே வா'. பிறகு 1915-இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் என்பவரின் 'கூலித் தமிழ்' வந்தது. இரண்டும் இலங்கையில் அச்சானவை. தேவை மலாயாவிலும் அதேதான். சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லுனாஸ் என்று கெடாவின் தென்பகுதி முழுக்க ரப்பர் நிறைந்த காலத்தில், துரை வேலைக்கு வருகிறவர் தமிழ்ப் பேச்சில் தேர்ச்சி காட்ட வேண்டியிருந்தது.

என்ன மாதிரித் தமிழ் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. 'வாருங்கள்' இல்லை, 'வாங்க' கூட இல்லை. 'வா'. இலக்கணத்தில் இதை ஏவல் ஒருமை என்போம். தமிழில் வினைச்சொல்லின் வேரும் ஏவல் ஒருமையும் ஒரே வடிவம்தான். நட, வா, பார், கேள். நன்னூல் வினைப்பகுதிகளை வகுக்கும்போது ஏவல் வடிவத்தைத்தான் அடிப்படையாக வைத்து, அவை முடியும் ஈறுகளை 23 என்று கணக்கிடுகிறது. மரியாதை, காலம், இடம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொள்பவை. அத்தனையையும் உரித்துவிட்டால் மிஞ்சுவது ஏவல்.

கணினியும் இந்த வடிவத்தைத்தான் பிடித்துக்கொண்டது. கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யும் கட்டளைகள் எல்லாமே 'வரிசைப்படுத்து', 'நகலெடு', 'தேடு', 'கொல்' என்ற வகை. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில்கூட திரையில் ஒன்றைக் காட்டுவதற்கான சொல் 'பதிப்பி'. அதுவும் ஏவல் ஒருமைதான். கணினியிடம் யாரும் 'பதிப்பிக்கிறீங்களா?' என்று கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை ஒரு சின்னத் தொழில்நுட்ப விஷயத்தின் வரலாற்றைப் பற்றியது. திரையில் ஒரு சன்னல், அதில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் அந்தச் சன்னலுக்கு வெளியே இருக்கும் வேறொரு நிரல் ஓடி வேலையை முடித்துத் தருகிறது. பொத்தான் தானாக எதையும் செய்வதில்லை, இன்னொருவரை ஏவுகிறது, அவ்வளவுதான். சரி, இதுக்கும் கெடா தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

சில்லுக்காகப் பிறந்த மொழி

1960-களின் நடுவில் லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர், கட்டளைகளை வாங்கி நிரல்களை ஓடவைக்கும் அடுக்குக்கு 'ஷெல்' என்று பெயர் வைத்தார். ஓடு என்று பொருள். பயனருக்கும் இயங்குதளத்தின் உள்ளிருப்புக்கும் நடுவில் இருக்கும் ஓடு. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யூனிக்ஸ் இதை எடுத்துக்கொண்டது. யூனிக்ஸின் வழக்கம் எளிமையானது. ஒவ்வொரு நிரலும் ஒரு சின்ன வேலையை மட்டும் செய்யும். பெரிய வேலைக்குப் பல நிரல்களைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். டக் மக்கில்ராய் பல ஆண்டுகள் வலியுறுத்திய பிறகு 1973-இல் 'பைப்' வந்தது. ஒரு நிரலின் வாயிலிருந்து விழுவது அடுத்த நிரலின் காதுக்குப் போய்விடும்.

அடுத்த பத்தாண்டில் சன்னல்களும் சுட்டியும் வந்தன. 1984-இல் மெக்கின்டாஷ் வந்தபோது சாதாரண மனிதர்களுக்குக் கணினி திறந்தது. ஆனால் ஒரு இழப்பும் இருந்தது. சன்னல் நிரல்கள் தனித்தனித் தீவுகள். கறுப்புத் திரையில் பத்து நிரல்களைக் கோத்து வேலை வாங்கியவருக்கு, பொத்தான்களைக் கோக்கத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜான் ஓஸ்டர்ஹவுட் வருகிறார். அவரும் மாணவர்களும் சில்லு வடிவமைப்புக்கான கருவிகளைச் செய்துகொண்டிருந்தார்கள். 'மேஜிக்' என்ற புகழ்பெற்ற வரைவுக் கருவி அங்கே பிறந்ததுதான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குட்டிக் கட்டளைமொழி தேவைப்பட்டது. அவசரத்தில் செய்ததால் எல்லாமே அரைகுறை. ஒன்றைப் படித்தால் இன்னொன்றுக்கு உதவாது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரே மொழி இருந்தால் என்ன என்ற யோசனையில் 1988-இல் அவர் எழுதத் தொடங்கியதுதான் டிசிஎல். வாய்வழக்கில் 'டிக்கிள்'. சில ஆண்டுகளில் அதோடு 'டிகே' என்ற சன்னல் கருவிப்பெட்டியும் சேர்ந்தது. ஒரே வரியில் ஒரு பொத்தானைச் செய்துவிடலாம். அந்தப் பொத்தானுக்குக் கொடுக்க வேண்டிய முக்கியமான பண்பின் பெயரே 'கமாண்ட்'. அந்த இடத்தில் 'எக்ஸெக்' என்று எழுதி வெளிநிரலின் பெயரைப் போட்டால் போதும், அழுத்தும்போது அது ஓடும். 1997-இல் இந்தப் பணிக்கு ஏசிஎம் மென்பொருள் விருது கிடைத்தது. இத்தகைய மொழிகளை 'ஒட்டும் பசை' என்று ஓஸ்டர்ஹவுட் விளக்கினார். பெரிய வேலையைச் செய்பவை வேறு நிரல்கள். பசை அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது.

இனி கெடாவுக்கு வரலாம். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைத் திறந்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானிய நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அதற்குப் பிறகு கெடா தோட்டங்களின் காலைப் பொழுது மாறியது. பெரட்டுக்குப் போகும் அம்மா ஒரு பக்கம், சீருடையோடு ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்கும் மகள் இன்னொரு பக்கம். 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்ததும் தொழிற்சாலை தோட்டத்தின் பக்கத்துக்கே வந்துவிட்டது. 2006-இல் இன்ஃபினியான் அங்கே மின்திறன் சில்லுகளைச் செய்ய ஆரம்பித்தது.

உலகெங்கும் சில்லு வடிவமைக்கும் மென்பொருள்களில் இன்றும் பேசப்படும் பொதுமொழி டிக்கிள்தான். சினாப்சிஸ், கேடன்ஸ், ஆல்ட்டெரா, ஸைலிங்ஸ் எல்லாவற்றின் கருவிகளிலும் அது இருக்கிறது. சில்லின் கடிகார வேகத்துக்கும் தாமதத்துக்கும் விதிக்கும் கட்டுப்பாடுகளை எழுதும் வடிவம்கூட டிக்கிளின் மேல் கட்டியதுதான். இந்தத் துறையில் வேலை செய்கிறவர், தாத்தா பால்மரம் சீவிய ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு, நிரல்களை ஏவும் மொழியில் எழுதுகிறார். ஏவப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஏவுபவர்களாக ஆனார்கள் என்று சொல்லி மகிழலாம்தான். ஆனால் அதற்கு முன்பு ஏவலின் இன்னொரு பாதியைப் பார்க்க வேண்டும்: பதில்.

பதில் எப்படித் திரும்புகிறது

பெரட்டுக் களத்தில் விடியுமுன் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். துரை சொல்வதைக் கிராணி வாங்குவார். கிராணி பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர் அல்லது மலையாளி, ஆங்கிலம் படித்தவர். கிராணியிடமிருந்து கங்காணிக்கு, கங்காணியிடமிருந்து ஆட்களுக்கு. மேலிருந்து கீழே ஏவல் பழுதில்லாமல் இறங்கும். கீழிருந்து மேலே போவது என்ன? செக்ரோல் புத்தகத்தில் ஒரு குறி. வந்தார், வரவில்லை. முழு நாள், அரை நாள். இத்தனை பவுண்டு பால். எண்கள் மட்டும்தான். 'நெரையில பாம்பு கெடக்குங்க', 'புள்ளைக்குக் காய்ச்சலுங்க, ஆயாக் கொட்டகையில விட முடியல' போன்ற வாக்கியங்களுக்கு அந்தப் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

வெளிநிரலை ஏவுவதிலும் பழைய வழி இதே மாதிரிதான். பைத்தானில் 'ஓஎஸ் சிஸ்டம்' என்று ஒரு அழைப்பு உண்டு. அது நிரலை ஓட்டிவிட்டு ஒரே ஒரு எண்ணைக் கொடுக்கும். பூஜ்யம் என்றால் சுகம், வேறு எண் என்றால் கோளாறு. என்ன கோளாறு? அந்த எண்ணுக்குத் தெரியாது. நிரல் சொன்ன வாக்கியம் வேறெங்கோ விழுந்துவிடும். சன்னல் நிரலாக இருந்தால் அந்த 'வேறெங்கோ'வைப் பயனர் பார்க்கவே முடியாது. பொத்தானை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

டிக்கிள் இதில் வேறு முடிவை எடுத்தது. யூனிக்ஸ் நிரலுக்கு இரண்டு வாய்கள் உண்டு. ஒன்று வேலையின் விளைவைச் சொல்ல, இன்னொன்று குறையைச் சொல்ல. டிக்கிளின் எக்ஸெக், விளைவை முழுசாக வாங்கி ஏவியவரின் கையில் தருகிறது. அது மட்டுமில்லை. குறை சொல்லும் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாலும், நிரல் பூஜ்யம் காட்டி முடிந்திருந்தாலும், அதைப் பிழையாக எடுத்துக்கொண்டு நிற்கும். முணுமுணுப்பைக்கூடப் புகாராகப் பதிவு செய்கிற அலுவலகம் மாதிரி. பல நிரலாளர்களுக்கு இது எரிச்சல். வெறும் எச்சரிக்கைக்கெல்லாம் வேலையை நிறுத்துகிறதே என்று. அதனால் 8.5 பதிப்பில், முணுமுணுப்பைக் கண்டுகொள்ளாமல் விட ஒரு விருப்பத்தேர்வு சேர்த்தார்கள். ஆனால் கண்டுகொள்வதுதான் இயல்புநிலை. கண்டுகொள்ளாமல் இருக்க விரும்புகிறவர் அதைக் கைப்பட எழுதித்தான் ஆக வேண்டும். இந்த முன்பின் வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடுத்த சிக்கல் காத்திருப்பது. ஏவிய நிரல் முடிய அரை மணி நேரம் ஆகும் என்றால் அதுவரை சன்னல் உறைந்து நிற்கும். பொத்தான் அமுங்காது, திரை தன்னை வரைந்துகொள்ளாது. கடைசியில் ஒரு '&' குறி போட்டுப் பின்னணியில் அனுப்பிவிடலாம். சன்னல் உடனே உயிர்பெறும். ஆனால் அப்போது கையில் கிடைப்பது போனவரின் செயல் எண் மட்டும். அவர் வேலையை முடித்தாரா, நடுவில் விழுந்தாரா என்ற செய்தி வராது. மூன்றாவது வழி, ஒரு பைப்பைத் திறந்துவைத்து, அதில் சொல் வரும்போதெல்லாம் தன்னை எழுப்பும்படி ஏற்பாடு செய்துகொள்வது. டிக்கிளில் அதன் பெயர் 'ஃபைல்ஈவண்ட்'. வேலை நடக்கும்போதே காதைத் திறந்துவைப்பது அது.

திறந்த காது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு மலாயாவின் தோட்ட வரலாறே சாட்சி. 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க மாட்டோம். கூலி உயர்வை எண்ணில் எழுதலாம், சைக்கிளை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பதில் துப்பாக்கியால் வந்தது. தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பிறகு கெடாவில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடச் சொல்லி இளைஞர்கள் அணிவகுத்தார்கள். துரையின் ஏவலுக்கு நின்ற அதே கால்கள் தங்கள் ஏவலுக்கு நடந்தன. அரசு அதை ஒழுங்குக் குலைவாக மட்டும்தான் பார்த்தது. 1947-இல் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாகி, பேச்சுவார்த்தை என்ற பைப் முறையாகத் திறக்க 1954 ஆனது. அது எவ்வளவு தூரம் திறந்திருந்தது என்பது தனி விவாதம்.

பெயர் ஏவலாக மாறும்போது

வெளிநிரலை ஏவுவதில் மிகப் பழைய, இன்றும் தீராத ஆபத்து ஒன்று இருக்கிறது. சன்னலில் ஒரு பெட்டி. பயனர் அதில் பெயரைத் தட்டுகிறார். நிரல் அந்தப் பெயரைக் கட்டளையோடு ஒட்டி ஷெல்லிடம் கொடுக்கிறது. ஷெல்லுக்கு எல்லாமே ஒரே எழுத்துச்சரம்தான். எது பெயர், எது ஏவல் என்று அதற்குத் தெரியாது. பெயரில் இடைவெளி இருந்தால் அதை இரண்டு பெயராக நினைக்கும். அரைப்புள்ளி இருந்தால் அதற்கு அப்பால் இருப்பதைப் புதுக் கட்டளையாக ஓட்டிவிடும். கெட்ட எண்ணம் உள்ளவர் பெயர்ப் பெட்டியில் 'எல்லாவற்றையும் அழி' என்று எழுதினாலும் ஷெல் பணிவாகச் செய்து முடிக்கும்.

இது மலேசியத் தமிழருக்குக் கற்பனைச் சிக்கல் இல்லை. நம் அடையாள அட்டைப் பெயரின் நடுவில் சாய்கோடு இருக்கிறது. 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கமான ஏ/எல், 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கமான ஏ/பி. தமிழில் த/பெ என்று எழுதுவோம். யூனிக்ஸில் சாய்கோடு என்பது எழுத்து இல்லை, கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. அப்படிப்பட்ட ஒரு பெயரில் அறிக்கையைச் சேமிக்கச் சொல்லி ஒரு பொத்தான் வெளிநிரலை ஏவினால், தகப்பன் பெயர் ஒரு கோப்பாகவும், பிள்ளை பெயர் அதை வைத்திருக்கும் கோப்புறையாகவும் ஆகிவிடும். 'அப்படி ஒரு கோப்புறை இல்லை' என்று பதில் வரும். வெளிநாட்டு இணையப் படிவங்கள் சாய்கோட்டைத் தவறான எழுத்து என்று திருப்பி அனுப்புவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பெயர் தவறில்லை. பெயரைப் பெயராகப் பார்க்காத அமைப்புதான் தவறு.

தீர்வு கஷ்டமானது இல்லை. கட்டளையையும் அதற்குக் கொடுக்கும் பொருள்களையும் ஒரே சரமாக ஒட்டாமல், தனித்தனி உறுப்புகளாகப் பட்டியலில் வைத்து நேரடியாக ஏவ வேண்டும், ஷெல்லை நடுவில் விடாமல். டிக்கிளின் எக்ஸெக் ஆரம்பத்திலிருந்தே ஷெல்லை அழைப்பதில்லை. ஆனாலும் பட்டியலைப் பிரித்துக் கொடுக்க முன்பெல்லாம் நிரலாளர்கள் 'இவால்' என்ற சுற்றுவழியை நாடினார்கள், அதில் பழைய ஆபத்து திரும்ப நுழைந்தது. 2007-இல் வந்த 8.5 பதிப்பு இதற்கு நேரான வழியைத் தந்தது. அப்போதும் '>' அல்லது '|' குறியில் தொடங்கும் பெயரை எக்ஸெக் தன் சொந்தக் குறியாக எடுத்துக்கொள்ளும், அதைக் கவனிக்க வேண்டும். பைத்தானில் 2004-இன் 2.4 பதிப்போடு வந்த 'சப்ப்ராசஸ்' பட்டியலாகக் கொடுப்பதையே இயல்பாக்கியது. ஷெல் வேண்டுமென்றால் அதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அதோடு சாய்கோடு உள்ள பெயரைக் கோப்பின் பெயராக வைக்காமல் ஒரு எண்ணைக் கோப்புக்கு வைத்து, பெயரைக் கோப்புக்கு உள்ளே முழுசாக எழுதலாம். கோப்புக்கு எண், மனிதனுக்குப் பெயர். செக்ரோல் இதைத் தலைகீழாகச் செய்தது.

தமிழ் எழுத்துக்கும் இதே கதைதான். முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலைத் தொடங்கிய காலத்திலிருந்து யூனிகோட் பரவும் வரை, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை. ஒரு நிரல் தமிழில் சொன்னது இன்னொரு நிரலுக்கு நொறுங்கிய எழுத்தாகக் கேட்கும். டிக்கிள் 1999-இல் 8.1 பதிப்பில் எல்லாச் சரங்களையும் யூனிகோடுக்கு மாற்றியது. ஆனாலும் வெளிநிரலின் பதில் எந்தக் குறியீட்டில் வருகிறது என்று சொல்லாவிட்டால் இன்றைக்கும் கேள்விக்குறிகள்தான் வரும். நடுவில் நிற்கும் கிராணிக்கு இரண்டு மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

கணக்குத் தீர்க்காதவர்கள்

யூனிக்ஸில் ஏவும் நிரலைத் தாய் என்றும் ஏவப்பட்டதைப் பிள்ளை என்றும் சொல்வார்கள். பிள்ளை வேலையை முடித்ததும் அதன் முடிவை வாங்கிக்கொள்ள வேண்டியது தாயின் கடமை. தாய் கேட்காவிட்டால் முடிந்துபோன பிள்ளை பட்டியலில் அப்படியே கிடக்கும். வேலையும் இல்லை, விடுதலையும் இல்லை. இதை 'ஸாம்பி' என்கிறார்கள், நடைப்பிணம். பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும்போதே தாய் இறந்துவிட்டால் அது அநாதை. அநாதைகளை முதல் செயலான 'இனிட்' தத்தெடுத்துக்கொள்ளும். எந்த நிரலும் கேட்பாரற்றுப் போகக்கூடாது என்ற ஏற்பாடு அது.

தோட்டங்களுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்ததா? 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள். உங்கு அசிஸின் ஆய்வு இந்தத் துண்டாடலைத்தான் பதிவு செய்தது. துண்டு விழுந்த தோட்டத்தில் லயம் யாருக்கு, ஆட்கள் யாருக்கு என்று கேட்க ஆளில்லை. வி.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் காசைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது. அது முதலில் வாங்கியது நம் கெடாவிலிருக்கும் புக்கிட் சீடிம் தோட்டம். அநாதையைத் தத்தெடுக்கும் வேலைதான் அது, ஆனால் எல்லோருக்கும் எட்டவில்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரக்கணக்கானவர்கள் தாங்கள் அறியாத ஊருக்குக் கப்பலேறினார்கள். தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களானார்கள். வேலை முடிந்தது, கணக்குத் தீரவில்லை.

உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது. நிரலுக்கு வலிக்காது, மனிதனுக்கு வலிக்கும். ஆனாலும் ஏவலை வடிவமைப்பது ஒரு கைத்தொழில். அதில் எது இயல்பாக நடக்க வேண்டும், எதைக் கேட்டால்தான் தர வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்கிறார். குறையைக் கேட்பது இயல்பா, கேட்காமல் விடுவது இயல்பா? பெயர் பெயராக இருக்குமா, ஏவலோடு கரைந்துவிடுமா? முடித்தவரின் கணக்கை யார் தீர்ப்பது? டிக்கிளை எழுதியவர்களும் பைத்தானைத் திருத்தியவர்களும் இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் தேடி, தவறியபோது அடுத்த பதிப்பில் மாற்றியிருக்கிறார்கள். தோட்டத்தை வடிவமைத்தவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று கூலிமிலோ சுங்கைப் பட்டாணியிலோ ஒரு இளைஞர் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ ஒரு சன்னல் நிரல் எழுதினால், அதில் முதலில் வரப்போகும் பெட்டி பெயருக்கானதாகத்தான் இருக்கும். சாய்கோடு உள்ள ஒரு முழுப் பெயரை அதில் தட்டி, பொத்தானை அழுத்தி, என்ன பதில் வருகிறது என்று அவர் பார்க்க வேண்டும். தன் அப்பா பெயரையே தட்டிப் பார்க்கலாம்.